ஐம்பத்தொரு வயதுக் குழந்தைக்குக் காதுகுத்து

ஒரு திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்குள் நுழைகிறேன், வரவேற்பறை நடுவில் ஒரு குளியல் தொட்டி. அது நிறைய தக்காளிச் சாற்றில் ஊறிய பயறு. அதற்குள் எங்கள் பிரிவைச் சேர்ந்த ஜேனட், நீச்சல் உடையில், ஒரு கையில் டீக்கோப்பையோடு உட்கார்ந்திருக்கிறாள். யாரும் அலறவில்லை. வருகிறவர்களெல்லாம் பக்கத்து வாளியில் காசைப் போட்டுவிட்டு லிஃப்ட்டுக்குப் போகிறார்கள். இங்கிலாந்தில் இந்த லீட்ஸ் நகரத்துக்கு வந்து பதினொரு வருடமாகிறது. கண்ட இடத்தில் காரை நிறுத்தியவர்களுக்கு அபராத நோட்டீஸ் அனுப்பும் வேலை எனக்கு. எல்லாம் பழகிவிட்டது, இது மட்டும் பிடிபடவில்லை. நல்ல காரியத்துக்குக் காசு வேண்டுமென்று வாய்விட்டுக் கேட்க இவர்களுக்குக் கூச்சம். பயற்றில் உட்காரக் கூச்சமில்லை! கடைசிக் காலத்து நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் ஓர் இல்லத்துக்காக அன்றைக்கு மூன்று மணிநேரம் ஊறினாள் மகராசி. நானும் பத்து பவுண்டு போட்டேன், மூக்கைப் பொத்திக்கொண்டு.

அதற்கு முந்தின வாரம்தான் சித்தூரிலிருந்து செய்தி வந்திருந்தது. என் அண்ணன் முனிரத்தினத்துக்கு இதய வால்வு ஒன்று பழுது. மூன்று மாதத்துக்குள் மாற்றாவிட்டால் ஆள் தங்கமாட்டான் என்று திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். செலவையும் சொன்னார்கள். கேட்டதும் எனக்கே நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. அண்ணன் மாங்கூழ் ஆலையில் மேஸ்திரி. இன்சூரன்ஸ் எடு, எடு என்று வருடா வருடம் தொண்டை வறளக் கத்தியிருக்கிறேன். “நல்லா கீறவன் எதுக்கு பாப்பா கட்டணும்?” என்பான். அரசாங்க மருத்துவ அட்டையும் கிடையாது. என்றைக்கோ விற்றுத் தொலைத்த மாம்பழ வேனைப் பேர் மாற்றிக் கொடுக்காமல் விட்டதால், காகிதத்தில் துரை இன்னும் நாலு சக்கர வண்டி வைத்திருக்கும் பணக்காரர்.

ஜேனட்டிடம் சொன்னேன்.

“ஐயோ பாவம். வெளிநாட்டுக்குப் போன இடத்திலா? பயண இன்சூரன்ஸ் எடுக்கவில்லையா?”

“இல்லை, சொந்த ஊரில்தான்.”

“அப்படியென்றால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதானே?”

“போனான். அவர்கள்தான் விலை சொன்னார்கள்.”

உடம்புக்கு முடியாமல் போனால் பில் வராத நாட்டில் பிறந்தவள். நெடுநேரம் யோசித்துவிட்டு, “சரி, பணம் சேர்க்க அவர் என்ன செய்து காட்டப்போகிறார்?” என்றாள். வால்வு போனவன் என்னத்தைச் செய்து காட்டுவான்? எரிச்சலாக வந்தது. ஆனாலும் நல்ல மனசு. இணையத்தில் நிதி திரட்டும் பக்கத்தை அவளே திறந்துகொடுத்தாள். ‘உங்கள் கதையைச் சொல்லுங்கள்’ என்றது பக்கம். சொன்னேன். அண்ணனுடைய படத்தையும் போட்டேன். அன்றைக்கே போன் வந்துவிட்டது.

“இன்னா பாப்பா, என் மூஞ்சிய இன்டர்நெட்ல ஒட்டி பிச்ச எடுக்கிறியா? எடு அத்த மொதல்ல!”

“வேற வழி சொல்லு!”

“முப்பது வருஷமா ஜில்லா பூரா மொய் வெச்சிகினு கீறேன். கல்யாணம், காதுகுத்து, புதுவூடு, ஒண்ணு உட்டதில்ல. என் வூட்ல விசேஷம் உண்டா? பொண்டாட்டி உண்டா, புள்ள உண்டா? இன்னா விசேஷம்னு ஊர கூப்புடுவேன்?” என்றவன், மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான்: “எனுக்குதான் இன்னும் காது குத்தலியே.”

உண்மைதான். அவனுக்கு ஒரு வயதில் நைனாவுக்கும் தாய்மாமாவுக்கும் கிணற்றுத் தண்ணீர்ப் பங்கில் சண்டை. தாய்மாமன் மடியில்லாமல் காது குத்தக்கூடாதென்று அம்மா ஒரே பிடிவாதம். சண்டை தீருவதற்குள் அண்ணனுக்கு மீசை முளைத்துவிட்டது. “சூப்பர் ஐடியா!” என்று இங்கிருந்து குதித்தவள் நான்தான். பயற்றுத் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்தவளுக்கு அதில் ஒரு பைத்தியக்காரத்தனமும் தெரியவில்லை.

மூன்று வார விடுப்பில் ஓடினேன். சித்தூரில் பத்திரிகை அடிப்பவர் “பாபு போட்டோ ஈயண்டி” என்று தெலுங்கில் குழந்தையின் படத்தைக் கேட்டார். அண்ணன் தன் பாஸ்போர்ட் சைஸ் படத்தைக் கூசாமல் நீட்டினான். பலூனுக்கும் யானைக்குட்டிக்கும் நடுவே நரைமீசையோடு எங்கள் செல்லக் குழந்தை. மண்டபத்துக்கு பாலசமுத்திரத்திலிருந்தும் நகரியிலிருந்தும் வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். ஆபரேஷனுக்குத்தான் என்று எல்லாருக்கும் தெரியும். ஒருத்தர் வாயிலிருந்தும் அந்தச் சொல் வரவேண்டுமே! “கொழந்த எங்க, பால் குட்ச்சிச்சா?” என்றுதான் கேட்டார்கள். ஒரு புண்ணியவான் குட்டியாக ஜிப்பா வாங்கி வந்திருந்தார். மாமாவுக்கு எழுபத்தெட்டு வயது. மடியில் உட்காரவந்த அண்ணனை மேலும் கீழும் பார்த்தார்.

“இவன தூக்கி மடியில வெச்சா என் கால் ஆபரேஷனுக்கு எவன்டா மொய் வெப்பான்?”

மண்டபமே சிரித்தது. கடைசியில் மாமாவின் துண்டை விரித்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். காது தேக்குப்பலகை மாதிரி இறுகிக் கிடந்ததில் ஆசாரிக்கு வியர்த்துவிட்டது. அண்ணன் “அம்மா” என்று கத்தியபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பிறகு எங்கள் பக்கத்து வழக்கப்படி மொய்யை மைக்கில் படித்தார்கள், பேர், ஊர், தொகை. தமிழில் பாதி, தெலுங்கில் பாதி. சாயங்காலம் வரை படித்தார்கள். குறைந்ததை நான் போட்டேன்.

காது குத்திய ஒன்பதாம் நாள் திருப்பதியில் அட்மிஷன். அண்ணனின் காது இரண்டும் வீங்கி, மஞ்சள் பூசி, ஒன்றில் சீழ் வேறு. டாக்டர் காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“செவுலு எவரு குட்டாரு?”

யார் குத்தியது என்று கேட்கிறார். யாரென்று சொல்வது, ஊரே சேர்ந்தல்லவா குத்தியிருக்கிறது! வால்வு கெட்டவனுக்குச் சின்னப் புண்ணும் ஆபத்து, கிருமி ரத்தத்தில் ஏறி நேராக வால்வில் போய் உட்காரும், பல் பிடுங்குவதானால்கூட எங்களைக் கேட்கவேண்டும் என்று அன்றைக்கே சொன்னோமே என்று கத்தினார்.

“பல்லு புடுங்கலியே சார்” என்றான் அண்ணன்.

டாக்டர் என் பக்கம் திரும்பி, “ஃபாரின்ல இருக்கிறவங்க, நீங்களாவது சொல்லக்கூடாதா?” என்றார். அந்தக் கேள்வியில் கூனிக்குறுகிப் போனேன். அன்று ராத்திரியே அண்ணனுக்குக் காய்ச்சல். அவன் உயிருக்கென்று பணம் சேர்க்கப் போய் அவனையே கொல்லப் பார்த்தேனே பாவி என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். ஆபரேஷன் இரண்டு வாரம் தள்ளிப்போயிற்று. என் விடுப்பு அதற்கு முன்பே முடிந்தது. நீட்டித்துக் கேட்டேன், கிடைக்கவில்லை. மாமாவிடம் ஒப்படைத்துவிட்டு விமானம் ஏறினேன்.

ஆபரேஷன் நடந்த நாளில் எத்தனை அபராத நோட்டீஸைத் தப்பான முகவரிக்கு அனுப்பினேனோ, தெரியாது. மத்தியானம் மாமா கூப்பிட்டார். “ஓடுதும்மா புது வால்வு, காது வெச்சா டிக்கு டிக்குனு எனுக்கே கேக்குது.” கழிப்பறைக்குள் போய் ஓவென்று அழுதேன்.

இதெல்லாம் நடந்து ஐந்து மாதமாகிறது. போன வாரம் மத்தியானச் சாப்பாட்டு நேரம், அண்ணனிடமிருந்து போன். பின்னால் ஒரே இரைச்சல்.

“எங்க கீற?”

“கங்காதர நெல்லூர்ல ரிசப்ஷன். மொய் வெச்சவங்களுக்கெல்லாம் திருப்பி வெக்கணுமில்ல? வாரத்துக்கு ரெண்டு பத்திரிக வருது. டாக்டரு மாத்திர துன்னுங்கறாரு, இவங்க பிரியாணி துன்னுங்கறாங்க. முன்னூறு வூடு பாக்கி கீது பாப்பா, இருபது வருஷத்துக்கு எனுக்கு சாவ நேரமில்ல. கட் பண்ணாத, உன் பேர்லயும் வெச்சிகீறேன். கேளு.”

போனை ஒலிபெருக்கிப் பக்கம் பிடித்தான் போலிருக்கிறது. கரகரவென்று என் பெயர் வந்தது. முனிரத்தினம் தங்கச்சி, ஊர் சித்தூர், ஐநூறு ரூபாய். நான் மண்டபத்தில் இருப்பதாக நினைத்து மைக்கில் படிப்பவர் கூப்பிட்டார்: “எங்கம்மா கீறீங்க? எழுந்து மாப்ளைக்கு ஒரு கும்புடு போடுங்க!”

லீட்ஸ் அலுவலகச் சாப்பாட்டு அறையில் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். எதிரே தபால் பெட்டி அளவுக்கு ஒரு மைக்ரோவேவ், வேறெதுவும் இல்லை. அதைப் பார்த்துக் கைகூப்பினேன். ஜேனட் என்னவோ ஏதோவென்று பதறி, சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டு, தானும் என் பக்கத்தில் எழுந்து நின்றாள்.