படலையிலை நிண்டு சொன்ன சாவு

பீலெஃபெல்ட்டிலை பஸ் ஏறி, இறங்கி, பிறகும் கொஞ்சத் தூரம் வயல்வழியே நடந்தால்தான் ஹோல்ஸ்டோர்ஃப் வரும். ஒரு தேவாலயம், ஒரு குளம், கொஞ்ச வீடு. அந்தக் காலத்திலை லினன் துணி நெய்து பேர்பெற்று இருந்த ஊராம். போருக்குத் தப்பி அகதியாய் வந்த எங்கட சுலோஜனாக்கா அங்கை குடிவந்த நேரம் பள்ளிக்கூடமும் பூட்டு, பேக்கரியும் பூட்டு. பூட்டாமல் கிடந்தது பிணம் புதைக்கிற சேமக்காலை ஒண்டுதான்.

ஊர்ச்சனம் லேசிலை வாய் திறவாது. வந்தவன் கிழடுதட்டினாலும் அவையளுக்கு வந்தவன்தான். அக்காவின்ரை புருஷன் டோர்ட்மண்டிலை வேறை குடும்பம் நடத்தப் போயிட்டார். அக்கா முதியோர் இல்லத்திலை சமைச்சுக்கொண்டு, தன்ரை பாட்டிலை தனியக் கிடந்தா.

கதைச்சுப் பேச இருந்தது பக்கத்து வீட்டு ஹெட்விக் ஒராள்தான். ரெண்டாம் உலகப்போர் முடிஞ்ச கையோடை கிழக்குப் பக்கத்திலை இருந்து துரத்தப்பட்டு, சின்னப் பெட்டையாய் இந்த ஊருக்கு வந்தவ. அவவும் ஜெர்மன், ஊரும் ஜெர்மன். எண்டாலும் கிழவியானாப் பிறகும் ஊர் அவவை அகதி எண்டுதான் சொன்னது. அப்ப எங்கட அக்காவை என்னெண்டு சொல்லியிருக்கும் எண்டு நீங்களே யோசியுங்கோ.

ஹெட்விக்குக்கு ஒரேயொரு ஆசை. அந்த ஊரிலை ஆர் செத்தாலும் அயலட்டைச் சனம்தான் சவப்பெட்டியைத் தோளிலை காவும். கூலியாள் காவினால், செத்தவர் ஊராள் இல்லையெண்டு அர்த்தம். வீடு வீடாய்ப் போய்ச் செய்தி சொல்லுறது பக்கத்து வீட்டாளின்ரை கடமை. கிழவி அக்காவின்ரை கையைப் பிடிச்சுக் கேட்டா:

"என்னை அயலட்டை காவ வேணும். நீதான் போய்ச் சொல்ல வேணும்."

அக்கா ஓமெண்டவ.

இரண்டாயிரத்தி மூண்டு தை மாசம், முழங்காலளவு பனி கொட்டிக் கிடந்த நேரம் கிழவி கண்ணை மூடினா. அக்காதான் மேல் துடைச்சு, நல்ல உடுப்பாய்ப் போட்டுவிட்டது. செய்தி ஆறப்படாதெண்டு கிழவி சொல்லி வைச்சதாலை, தலை முழுகாமலே ஓடினா. ஒவ்வொரு வீட்டிலையும் கதவைத் திறந்து உள்ளை வரச் சொல்லிச்சினம். அக்கா போகேல்லை. பிணம் தொட்ட துடக்கோடை, அந்தத் தீட்டோடை, அடுத்தவன்ரை வாசல் மிதிக்கலாமோ? மூலை வீட்டிலை பச்சைக் குழந்தை வேறை. வெளிப் படலையிலை நிண்டே சொல்லிப்போட்டு வந்திட்டா. நல்லபடி செய்தனெண்டு அவவுக்கு மனம் ஆறிச்சுது.

செத்தவீட்டண்டு பெட்டி காவ ஒருத்தரும் முன்னுக்கு வரேல்லை. சனம் தேவாலய மதிலோடை ஒதுங்கி நிண்டது. கடைசியிலை, சவப்பெட்டிக்காரர் தன்ரை வாகனத்திலை கூட்டிவந்த கூலியாக்கள் தூக்கிச்சினம். அதிலை ஒருத்தன் சுவிங்கம் சப்பிக்கொண்டு வந்தான். நல்லதுக்குக் கூப்பிட்டால் போ, கெட்டதுக்குக் கூப்பிடாமலே போ எண்டு வளந்தவ அக்கா. இதுகளும் மனிசரோ எண்டு ஊரையே மனதுக்குள்ளை திட்டினா.

மூலை வீட்டுக் கிழவர் ஃபிரிட்ஸ்தான் பிறகு விஷயத்தைச் சொன்னார். செய்தி கொண்டு வாறவர் உள்ளை வந்து, இருந்து, ஒரு சின்னக் கிளாஸ் சாராயம் குடிக்க வேணுமாம். அப்பதான் அது பெட்டி காவ வரச்சொல்லிக் கேட்டதாகும். எல்லாருக்கும் தெரிஞ்ச வழக்கமெண்டு ஹெட்விக்கும் அதைச் சொல்லாமல் விட்டிட்டா. எல்லா வீட்டிலையும் கிளாஸ் எடுத்து வைச்சுக்கொண்டு இருந்தவையாம். எங்கட வீட்டுக்கை கால் வைக்க உனக்கு மனமில்லையெண்டுதான் நினைச்சம் எண்டார்.

அக்கா அழுதழுது துடக்கை விளங்கப்படுத்தினா. தெரிஞ்ச ஜெர்மன் அவ்வளத்தையும் கொட்டினா. கிழவர் தலையாட்டிக் கேட்டார். கேட்டு என்ன, ஹெட்விக் அகதியாய்த்தான் மண்ணுக்கை போனா. போக வைச்சது தான்தானே எண்ட எண்ணம் அக்காவைத் தின்னத் தொடங்கிச்சுது.

ஒருநாளும் சாராயம் நுழையாத அவவின்ரை வீட்டு அலுமாரியிலை, அதுக்குப் பிறகு ஒரு போத்தலும் கிளாசும் இருந்தது.

அடுத்த வருஷம் பழைய பேக்கரிக்காரரின்ரை மனிசி செத்தா. செய்தி சொல்ல அவையின்ரை பக்கத்து வீட்டு ஃபிரிட்ஸ் கறுத்தத் தொப்பியோடை தெருவிலை வாறது யன்னலாலை தெரிஞ்சுது. அக்கா பதறிப்போய்க் கிளாசிலை ஊத்தி மேசையிலை வைச்சிட்டு, கதவை அகலத் திறந்து, உள்ளை வாங்கோ எண்டு கூப்பிட்டா.

கிழவர் படலையிலை நிண்டு தொப்பியைக் கழட்டினார். செய்தியைச் சொன்னார்.

"இல்லை, நான் வரேல்லை," எண்டார், நல்ல அன்பாய். "உங்கட வழக்கம் எனக்குத் தெரியும்தானே."

அடுத்த வீட்டு மணியை அடிச்சார். கதவு திறந்தது, உள்ளை போனார். அக்கா வாசலிலை நிண்டு அதைப் பாத்தா. தன்னைக் காவக் கேக்கேல்லை, தன்ரை பெட்டியையும் கூலியாக்கள்தான் காவப் போகினம் எண்டு அப்ப அவவுக்கு விளங்கிச்சுது.