மணியனுக்கு வலிப்பு, எனக்கு மயக்கம்

உண்மையைச் சொன்னா, இதை எழுதாமல் விடுவம் எண்டுதான் இருந்தனான். ஆனா என்ர கூட்டாளி சுதன் முள்ளியவளைச் சந்தி முழுக்கச் சொல்லி முடிச்சிட்டான். இனி ஒளிச்சு என்ன பிரயோசனம்?

போன கிழமை நானும் சுதனும் முற்றத்தில கதைச்சுக்கொண்டு இருக்கேக்க, என்ர நாய் மணியன் பொத்தெண்டு விழுந்திட்டுது. ரெண்டு மாசத்தில இது மூண்டாம் தரம்.

வலிப்பு வந்தா கையில இரும்பு குடுக்கிறது எங்கட வழக்கமெல்லே... ஓடிப்போய்ச் சைக்கிள் பூட்டுத் திறப்பை எடுத்து மணியன்ர காலுக்குள்ள வைச்சன். நாய்க்கு விரல் பொத்தத் தெரியுமே? திறப்பு விழுந்திட்டுது. கட்டிவிடுவம் எண்டு பழைய சைக்கிள் ரியூப் வார் தேடி எடுத்துக்கொண்டு வாறன் — மணியன் எழும்பி நிண்டு என்னையே பாத்து உறுமுது.

வேலிக்கு அங்கால நிண்ட மாமா பொல்லுத்தடியை எடுத்திட்டார். "தம்பி, இது விசர் பிடிச்ச நாய். ஆரையும் கடிக்க முதல் அடிச்சுப்போட வேணும்."

"ஐயோ மாமா, சும்மா மயக்கம்! டொக்டரிட்டக் காட்டிப்போட்டு வாறன்..."

சைக்கிள் கரியரில மீன்பெட்டி கட்டி, அதுக்குள்ள மணியனை வைச்சு, சுதன் பின்னால பிடிக்க, மாட்டு டொக்டரிட்டப் போனம்.

"எப்பிடி விழுந்தது?" எண்டு அவா கேட்டா.

"மயக்கம், டொக்டர்." வலிப்பெண்டா அவாவும் விசர் எண்டிடுவா எண்ட பயம். பொய் சொல்லவும் படிப்பு வேணும் — நான் எட்டாம் வகுப்போட விட்டனான்.

அவா நெஞ்சில குழாய் வைச்சுப் பாத்தா. "மயக்கமெண்டா அனேகமா இருதயத்திலதான் பிழை இருக்கும். இது நல்லா அடிக்குதே... சரி, முதல்ல விசர்த் தடுப்பூசியைப் போடுவம்."

ஊசி மணியனுக்குத்தான். விழுந்தது நான்.

கண் முழிக்கேக்க மணியன் என்ர மூஞ்சையை நக்குது. டொக்டர் சிரிச்சுச் சிரிச்சுச் சுதனைக் கேக்கிறா: "தம்பி, இதுதான் மயக்கம். ஈரத்துணி மாதிரி விழுந்தார், கொஞ்சத்தில எழும்பிட்டார், ஆளையும் அடையாளம் தெரியுது. நாயும் இப்பிடியோ?"

"இல்லை டொக்டர். விறைச்சு, நாலு காலும் சைக்கிள் மிதிச்ச மாதிரி அடிச்சது. வாயில நுரை, மூத்திரமும் போட்டுது. எழும்பியும் கன நேரம் எங்களைத் தெரியேல்லை. ரெண்டு மாசத்தில மூண்டு தரம் இப்பிடி. ஒவ்வொரு தரமும் பிறகு பழையபடி சோறு திண்டது."

"அப்ப வலிப்பு. மூண்டு தரம் வந்தும் இடையில நல்லா இருக்குதெண்டா விசர் இல்லை. மருந்து தாறன். இனி வந்தா காலில இரும்பும் வேண்டாம், வாய்க்குள்ள கையும் வேண்டாம். எவ்வளவு நேரம் அடிக்குதெண்டு மட்டும் பாருங்கோ."

பாத்தீங்களோ? என்ர பொய்யை நம்பியிருந்தா, இல்லாத இருதய வருத்தத்துக்கு மருந்து தேடியிருப்பா. என்ர நாயைக் காப்பாத்தினது என்ர கோழைத்தனம்!

வாற வழியில கெஞ்சினன்: "மச்சான், நான் விழுந்ததை மட்டும் மாமாட்டச் சொல்லிப்போடாதை."

"சொல்லாட்டி, அடுத்த தரம் நீ விழேக்க அந்தாள் பொல்லோட வருமடா."