வெர்டெல் அக்காவும் ஒன்பதாவது குட்டியும்

வெர்டெல் அக்காவை முதலில் பார்த்த அன்று அவர் கையில், கங்காரு போல வயிற்றுப் பையில் குட்டி சுமக்கும் ஒப்போசம் ஒன்று செத்துக் கிடந்தது. செத்தது என்று நான்தான் நினைத்தேன்.

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தப் பெருமையோடு வர்ஜீனியாவில் ஆற்றங்கரையில் எங்கள் பூர்வகுடி இனத்தார் நடத்தும் சின்ன அருங்காட்சியகத்தில் சேர்ந்திருந்தேன். அன்று காலை காட்சிப் பலகைக்கு வாசகம் எழுதிக்கொண்டிருந்தேன்: 'ஒப்போசம் என்ற பெயர் நம் முன்னோர் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. பொருள்: வெள்ளை விலங்கு.' அக்கா பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். பிள்ளைகளை இறக்கிவிட்டு நேராக உள்ளே வந்து, சாலையோரம் கிடந்ததைத் துண்டோடு என் தாள்மேலேயே கிடத்தினார். பூனையளவு உடம்பு. வாய் பிளந்து நாக்குத் தொங்கியது. அழுகிய நாற்றம் அடித்தது.

"பட்டதாரி, நீ சொல்லு. இது செத்துருச்சா, நடிக்குதா?"

எனக்கு அதன் பெயர் எங்கிருந்து வந்தது என்று மட்டும்தான் தெரியும்.

வயிற்றுப் பையை விரித்துக் காட்டினார். கண் திறக்காத ஒன்பது குட்டிகள், கட்டைவிரல் பருமனில், காம்பைக் கவ்வியபடி. தாய் செத்திருந்தால் உடனே பிரித்தெடுத்துக் குழாயில் பாலூட்ட வேண்டும் என்றார். உயிரோடிருந்தால் பிரிப்பதுதான் கொலை. விட்ட காம்பை அவை மறுபடி பிடிப்பது அபூர்வம். பயத்தில் செத்ததுபோல் விழுந்த ஒப்போசம் நாலு மணி நேரம்கூட அப்படியே கிடக்குமாம்.

அதன் நெஞ்சில் காது வைத்தார் அக்கா. "துடிக்குற மாதிரி இருக்கு. என் நெஞ்சா அதோட நெஞ்சான்னு தெரியல."

நானும் வைத்துப் பார்த்தேன். கேட்டது போலவும் இருந்தது, கேட்காதது போலவும் இருந்தது. மூக்கருகே கண்ணாடி பிடித்தேன். பனித்ததா, ஏற்கெனவே அழுக்கா, புரியவில்லை. எடுத்துவிடலாம் என்றேன். கொஞ்சம் பொறுப்போம் என்றேன். திரும்பவும் எடுத்துவிடலாம் என்றேன்.

"உங்க காலேஜ்ல முடிவெடுக்க மட்டும் சொல்லித்தரலையா?" என்றார்.

மூன்று மணி நேரம் ஆனது. பையின் சூடு குறைவது போல இருந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஒரு குட்டியை மெல்லப் பிரித்தார். இரண்டாவதைத் தொட்டபோது தாயின் காது அசைந்தது.

கை அப்படியே நின்றது. சற்று நேரத்தில் தாய் தலை தூக்கி எங்களைப் பார்த்துச் சீறியது. பின்புறப் புதரில் கொண்டுபோய் விட்டோம். எட்டுக் குட்டிகளோடு அவசரமில்லாமல் நடந்து போனது.

பிரித்தெடுத்த ஒன்பதாவது குட்டி அக்காவின் உள்ளங்கையில் கிடந்தது. "இத நான் காப்பாத்துனேனா, திருடுனேனா?" என்று கேட்டார். நான் துண்டின் ஓரத்தை மடித்து அதன்மேல் போர்த்தினேன்.

பேருந்து நடைகளுக்கு நடுவே இரண்டு மணிக்கொரு தரம் பால் கொடுத்து வளர்த்தார். பிழைத்தது. ஆனால் உடம்பெல்லாம் கரிநிறம். முகம் மட்டும் வெளுப்பு. என் பலகையில் எழுதியது தப்பா என்று குழம்பினேன்.

"பேர் வெச்சவங்க மூஞ்சிய மட்டும் பாத்திருப்பாங்க, விடு," என்றார்.

இலையுதிர் காலத்தில் அதைப் புதரில் விட்டார். வெர்டெல் அக்கா இப்போதும் அதே பேருந்தைத்தான் ஓட்டுகிறார். இருக்கைக்கு அடியில் ஒரு துண்டும், அடுத்த முறை நாலு மணி நேரம் முழுசாகப் பொறுக்க ஒரு கடிகாரமும் வைத்திருக்கிறார்.