கண்ணாயி ஜீப்பின் தரை

மலைமேல் செம்மேட்டில் டிங்கர் வேலைக்கு ஆள் இல்லாத காலத்தில், ஒடுங்கிய மட்கார்டோடு ஜீப்புகள் மலையிறங்கி ராசிபுரம் வரை போய்வந்தன. 1997இல் அடிவாரத்துப் பேளுக்குறிச்சியிலிருந்து சென்றாயன் ஒரு கேஸ் சிலிண்டரும் நாலைந்து சுத்தியல்களுமாக மேலே வந்து, ஜீப் ஸ்டாண்டுக்கு எதிரே கொட்டகை போட்டார். ஒடுக்கெடுப்பது, துருப்பிடித்த இடத்தை வெட்டிப் புதுத் தகடு வைப்பது, பட்டி பார்த்துப் பெயின்ட் அடிப்பது எல்லாம் அவர் ஒருவரே. பெயர்ப்பலகை கிடையாது. ஸ்டாண்டில் டிரைவர்கள் சொல்லும் வார்த்தைதான் அவருக்கு வேலை கொண்டுவந்தது.

2001 ஐப்பசியில் அந்த வார்த்தை கெடப் பார்த்தது.

வளப்பூர் நாட்டுக் கண்ணாயி, மிளகு விற்ற காசில் பழைய ஜீப் ஒன்று வாங்கி வாடகைக்கு விட்டிருந்தார். அதன் தரைக்கு முந்தைய ஆண்டு புதுத் தகடு வைத்தவர் சென்றாயன். ஒரு மழைக்காலம்கூட முழுதாகத் தாங்கவில்லை. சந்தைக்குப் போகும் வழியில், பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவரின் கால் தகட்டைப் பொத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டது. வளைவில் வண்டி மெதுவாகப் போனதால் செருப்போடு போயிற்று.

அன்றே கண்ணாயி ஜீப்பில் ஏறி வந்து, ஸ்டாண்டின் நடுவில் நிறுத்தச் சொன்னார்.

"ஏப்பா சென்றாயா, எண்ணெய் டின்னை வெட்டியா வெச்சே?"

"கனத் தகடுங்க அக்கா."

"கனத் தகட்டுல எப்படிச் சாமி கால் போவும்?"

டிரைவர் அர்த்தனாரி டீ கிளாஸோடு வந்து எட்டிப் பார்த்தார். "நல்லதாப் போச்சுங்க. இனி பிரேக் புடிக்கலீன்னா காலை ஊனி நிறுத்திக்கலாம்."

ஸ்டாண்டே சிரித்தது. பெயின்ட் அடிக்கக் கொட்டகை முன் நின்றிருந்த வேனை, அதன் டிரைவர் சத்தமில்லாமல் கிளப்பிக்கொண்டு போனார். சென்றாயன் அதைப் பார்த்தார். பிறகு ஜீப்பினுள் ஏறி ரப்பர் விரிப்பை உரித்தார். அடியில் கரும்பச்சையாக ஒரு படலம். திருப்புளியால் சுரண்டி மோந்து பார்த்தார்.

"இதென்னங்க அக்கா, சாணியா?"

"வெள்ளிக்கெழம ஊட்டை மெழுகறப்ப இதை மட்டும் உடுவனா? சோறு போடற வண்டியாச்சே."

"மண்தரை ஈரத்தைக் குடிச்சுக்குமுங்க. இரும்பு குடிக்குமுங்களா? மேல ரப்பரையும் போட்டு மூடிட்டீங்க. அடியில காயவே இல்லீங்க."

கூட்டம் இப்போது கண்ணாயி பக்கம் திரும்பியது. "அடுத்த வெள்ளிக்கு என்ற வண்டிக்கும் வந்துருங்க அக்கா, கோலமும் போட்டுரலாம்" என்றார் அர்த்தனாரி.

கண்ணாயி அசரவில்லை. "பழைய தரையையும் நாந்தான் மெழுகுனேன். நாலு வருசம் நின்னுச்சு. அதுல மூலைக்கு மூலை ஓட்டை இருந்துச்சு. கழுவி உட்டா தண்ணி ஓடிரும். உன்ற தகட்டுல ஓட்டை எங்கப்பா?"

சென்றாயன் குனிந்து நான்கு மூலைகளையும் பார்த்தார். இல்லை. தண்ணீர் வடிவதற்காகக் கம்பெனி வைத்திருந்த துளைகளை அவர் புதுத் தகட்டில் போடவில்லை. ஓட்டை ஒடிசல் இல்லாமல் வழவழவென்று இருந்தால்தான் வேலை சுத்தம் என்று நினைத்திருந்தார்.

சாணிதான் காரணம் என்று அதோடு முடித்திருக்கலாம். கூட்டமும் நம்பத் தயாராக இருந்தது.

"ஓட்டை போடலீங்க. அது என்ற தப்புங்க" என்றார், டீக்கடை வரை கேட்கும்படி.

"அப்பச் சாணி?"

"அது உங்க தப்புங்க."

கண்ணாயி ரப்பர் விரிப்பை எடுத்துச் சுருட்டினார். "மெழுகாம வண்டியெடுத்தா எனக்கு மனசு ஒப்பாது சாமி."

"வண்டி நிக்கற வாசலை மெழுகுங்க. உள்ளுக்கு வேண்டாம்."

மறுபடி தகடு வைத்தார். மூலைக்கொரு துளை, அதற்கு ரப்பர் மூடி, அடியில் துருப்பிடிக்காமலிருக்க ரெட் ஆக்சைடு பூச்சு. கண்ணாயி தாமே ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, அது முழுக்க வடியும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கவிட்டார்.

அடுத்த வாரம், கிளம்பிப் போன வேன் திரும்பி வந்தது. அதன் டிரைவர் பெயின்ட் பேச்சை எடுக்கவில்லை.

"எனக்கும் ஓட்டை இருக்குதான்னு பாருங்க."

அதன்பின் ஸ்டாண்டில் அவருக்கு ஓட்டை டிங்கர் என்று பெயர். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்.