சுவிட்சுக்குப் பொட்டு வைத்த கிராணி

கணேசமூர்த்திக்கு எதைப் பார்த்தாலும் சீக்கிரம் அருவருப்பு வந்துவிடும். கேபிளைக் கண்டபடி சுருட்டிப் போட்டிருந்தால்கூட முகத்தைச் சுளிப்பான். ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து, ரஹாங் டவுனில் வீடு வாங்கிய கம்ப்யூட்டர் டெக்னீஷியன். ரப்பர் பாலுக்காகப் பால்மரம் வெட்டிய அப்பா, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணிகள் முன்னால் கைகட்டி நின்றதைப் பார்த்து வளர்ந்தவன். அதனாலேயே கிராணி என்றால் அவனுக்கு ஆகாது.

தொண்ணூற்றெட்டில் ஒரு தோட்டத்தின் பெரிய ஆபீசில் சுவிட்சு அடுக்கும் வேலை கிடைத்தது. கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டிகள் அவை. மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக இரும்புச் சட்டத்தில் ஏற்றி, மூன்றும் ஒரே பெட்டிபோல நடக்கும்படி பின்னால் குட்டைக் கேபிளால் கோத்தான். பச்சை விளக்குகள் வரிசையாக எரிந்தன. மறுநாள் மானேஜர் வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

மறுநாள் ஆயுத பூஜை. அவன் வந்து பார்த்தபோது ஒரு விளக்கும் எரியவில்லை. ஆபீஸ் கிராணி திருநாவுக்கரசு விடியற்காலையிலேயே பூஜையை முடித்திருந்தார். டைப்ரைட்டருக்கு ஒரு பொட்டு, மோட்டாருக்கு ஒரு பொட்டு என்று வைத்தவர், சுவிட்சில் மட்டும் கேபிள் சொருகும் ஒவ்வொரு ஓட்டைக்கும் தனிப்பொட்டு வேண்டும் என்று சந்தனத்தை அப்பியிருக்கிறார். மேலே மஞ்சள் தண்ணீர் வேறு. காற்றுத் துளை வழியாக உள்ளே இறங்கி, குங்குமத்தையும் கரைத்துக்கொண்டு அடியில் வழிந்தது. பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

கிராணி அசரவில்லை. ஆபீஸ் கூட்டும் முத்தாயி தெரியாமல் செய்துவிட்டாள், மானேஜர் துரையிடம் தனியாகச் சொல்லிக்கொள்கிறேன் என்றார். அவர் விரல் நுனியில் சந்தனம் இன்னும் காயவில்லை. முத்தாயி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். லயத்தில் யார் இருப்பது, யார் காலி செய்வது என்பதெல்லாம் கிராணி வைத்த சட்டம். புருஷனைப் பறிகொடுத்த அவளுக்கு வேலை போனால் வீடும் போகும்.

மானேஜர் உள்ளே வந்ததுமே கணேசமூர்த்தி வெடித்துவிட்டான். கெடுத்தது கிராணிதான், அவர் விரலைப் பாருங்கள் என்றான். ஆபீசே எழுந்து நின்று வேடிக்கை பார்த்தது. மானேஜர் முத்தாயியைக் கேட்டார். நான்தான் செய்தேன் என்று மெல்லச் சொன்னாள். சத்தமாகச் சொல் என்றார். சத்தமாகவும் சொன்னாள்.

கிராணி கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "படிக்காதவ, விட்டுருங்க தொர," என்றார். மானேஜர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். முத்தாயி கிராணியைக் கையெடுத்துக் கும்பிட்டாள். கணேசமூர்த்தி முகத்தைச் சுளித்தான். சீ, இந்தக் கிராணியெல்லாம் ஒரு மனுசப் பிறவியா?

மத்தியானம் அவன் குச்சியால் சந்தனத்தை நோண்டிக்கொண்டிருந்தபோது முத்தாயி தேத்தண்ணி கொண்டு வந்தாள். அந்த ஆளுக்காக ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டான்.

"அவரு தொர ரூமுக்குள்ள சொல்லிருந்தா அதோட போயிருக்கும்லா தம்பி. நீ வாயத் தொறந்ததுனாலதான் அத்தன பேரு முன்னாடி நான் சொல்ல வேண்டியதாப் போச்சு."

கோப்பையை வைத்துவிட்டுக் கூட்டப் போனாள். அதுவரை கிராணிமேல் இருந்த அருவருப்பெல்லாம் கணேசமூர்த்திக்குத் தன்மேலேயே வந்தது.