ஆறு நாள் விளக்கு

வங்கத்துத் தலேஸ்வரி ஆற்றில் வீடாகவே கட்டிக் கிடந்த பதினோரு படகுகளிலும் கேரமத்தின் வாய்க்குத் தப்பிய பெண்களே இல்லை. ஊருக்குள் வளையல் விற்று அலுத்து வந்து அவர்கள் விளக்கேற்ற உட்கார்ந்தால் போதும், ஆள் வந்து நிற்பான். எரிகிற விளக்கில் எண்ணெய் ஊற்றாதே. மணல் போட்ட சட்டிக்குள் வை. கூரைப் பாயை ஒரு முழம் தூக்கிக் கட்டு. தன் தங்கையின் படகு எரிந்து முங்கியதைக் கண்ணால் பார்த்தவன் அவன். அதனால் யாரும் அவனிடம் சண்டைக்குப் போவதில்லை, சிரிப்பதோடு சரி.

அப்பேர்ப்பட்டவனைத்தான் தை மாதப் பனியில் அவன் படகை விட்டே இறக்கிவிட்டார்கள். மனைவி மர்ஜினாவுக்கு முந்தின நாள் ஆண் குழந்தை பிறந்திருந்தது. பிள்ளை பெற்ற படகில் ஆறு நாள் ஆண்கள் கால் வைக்கக் கூடாது. அந்த ஆறு நாளும் உள்ளே விளக்கு அணையக் கூடாது. அணைந்தால் குழந்தை தங்காது என்பது அவர்கள் பயம். மருத்துவச்சி ஜொரினா இரண்டு வாசலையும் போர்வையால் அடைத்து, விளக்கோடு ஒரு சட்டி தணலையும் வைத்திருந்தாள்.

பக்கத்துப் படகில் உட்கார்ந்து, பாயிலிருந்த ஓட்டை வழியே விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான் கேரமத். மத்தியானம் சுடர் தாழ்ந்தது.

"சின்னம்மா, சுடர் இறங்குது. போர்வையைக் கொஞ்சம் விலக்குங்க."

"எங்கிருந்தோ காத்து நுழையுதுடா, அதான் இறங்குது. இன்னும் ரெண்டு போர்வை இருந்தா குடு," என்றாள் ஜொரினா.

"ஐயோ, உள்ள காத்தே இல்ல சின்னம்மா! விளக்குக்கு மூச்சு முட்டுது!"

"விளக்குக்கு மூச்சாம்! பெத்தவ சும்மா கிடக்கா, இவனுக்கு இடுப்பு வலி," என்றாள் ஜொரினா. அக்கம்பக்கத்துப் படகுகளில் சிரிப்பு.

"மர்ஜினா, தலை வலிக்குதா?"

"தூக்கமா வருதுய்யா... கத்தாத."

தலைவர் காசிமிடம் ஓடிக் கெஞ்சினான். "பொம்பளைங்க காரியம்டா, பொறு," என்று சொல்லிவிட்டு அவர் வலையைப் பார்க்கப் போய்விட்டார். திரும்பி வந்து கூப்பிட்டால் மர்ஜினாவிடமிருந்து பதில் இல்லை. ஜொரினாவும் பேசவில்லை. குழந்தையின் முனகலும் நின்றிருந்தது. கேரமத் கத்தியை எடுத்துக் கூரைப் பாயைக் கைநீளம் கிழித்தான். குளிர்காற்று உள்ளே பாய்ந்தது. விளக்கு அணைந்தது.

ஜொரினா இருமினாள், வாந்தி எடுத்தாள். குழந்தை வீறிட்டது. பேச்சு வந்ததும் ஜொரினா கத்தியது, "அணைச்சுட்டானே பாவி!"

தணல் உள்ளிருந்த மூச்சையெல்லாம் தின்றுவிட்டது, கிழிக்காவிட்டால் மூவரும் செத்திருப்பார்கள் என்று அவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். மூன்று பேரும் உயிரோடு இருந்ததால் ஒருவரும் நம்பவில்லை. காசிம் கத்தியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"ஊரு விளக்கையெல்லாம் பொத்திப் பொத்திப் பாத்தியே, என் புள்ள விளக்க மட்டும் ஏன்யா அணைச்ச?" என்று மர்ஜினா அழுதாள். கேரமத்தும் அழுதான்.

பொழுது சாய்வதற்குள் வாசலை அடைத்து, தணலை மூட்டி, விளக்கை மறுபடி ஏற்றினார்கள். ஆறு நாள் கணக்கு முதலிலிருந்து தொடங்கியது. கிழிசலை மர்ஜினாவே எழுந்து உட்கார்ந்து இரட்டை நூலால் தைத்தாள். அவன் பார்க்கிற ஓட்டையிலும் துணியைத் திணித்தாள்.

"மர்ஜினா," என்று கூப்பிட்டான். கோபத்தில் அவள் வாய் திறக்கவில்லை. கோபம்தானா என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

"பேச வேணாம் தாயி. திட்டவாவது திட்டு."

உள்ளே சத்தமே இல்லை. அவள் திணித்த துணிமேல் காதை வைத்து அவன் உட்கார்ந்துகொண்டான்.