போன் எடுக்காதவர்களுக்கு மனை விற்ற கதை

வீட்டு மனை விற்கிறவர்களுக்குச் செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டே வகை மனிதர்கள்தான்: நம் நம்பரை பிளாக் செய்துவிட்டவர்கள், இனிமேல் செய்யப்போகிறவர்கள்.

கமிஷனை நம்பி அடுப்பு பற்றவைக்கிற சக ஜீவன்களே, உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. எங்களுக்குச் சம்பளம் கிடையாது. விற்றால் கமிஷன், விற்காவிட்டால், "அடுத்த வாரம் பாத்துக்கலாம் சுமதி" என்று எம்.டி.யின் ஆறுதல். என் கணவர் பாபு மறைமலை நகரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் காண்ட்ராக்ட்டில் இருந்தார். ஒருநாள் காலையில் வேலைக்குப் போனவர், டிபன் பாக்ஸைத் திறக்காமலேயே மத்தியானத்துக்குள் திரும்பி வந்துவிட்டார். ஆர்டர் இல்லையாம், கூப்பிடும்போது வந்தால் போதுமாம். இன்னும் கூப்பிட்டபாடில்லை. அந்த வாரமே நான் செங்கல்பட்டில் ஒரு மாடியில் இருந்த ரியல் எஸ்டேட் ஆபீஸில் சேர்ந்தேன். பதவியின் பெயர் மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ். பெட்ரோல் என் செலவு, ரீசார்ஜ் என் செலவு, பதவி மட்டும் கம்பெனி செலவு.

எங்கள் லேஅவுட் திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது. பெயரில் 'பீச்' உண்டு. கடலைப் பார்க்க ஏணி வேண்டும்.

பச்சடி

ஞாயிற்றுக்கிழமை என்றால் இலவச சைட் விசிட். வேன் நாங்கள் அனுப்புவோம், மத்தியானம் பிரியாணியும் நாங்களே போடுவோம். படூரில் ஒரு அபார்ட்மெண்டிலிருந்து ரிட்டயர்டு தம்பதி ஒன்று ஏறியது. அந்த சார் கேட்ட கேள்விகளைக் கேட்டு எனக்குப் புல்லரித்துவிட்டது. தண்ணீர் எத்தனை அடியில், தாய்ப்பத்திரம் யார் பெயரில், ரோடு பஞ்சாயத்திடம் ஒப்படைத்தாயிற்றா! இவ்வளவு கேட்கிறவர் வாங்காமல் போவாரா? நான் மனசுக்குள் கமிஷனை வாங்கி, வாடகை பாக்கியைக் கொடுத்து, மிச்சத்தில் மிக்ஸிக்குப் புது ஜாரும் வாங்கிவிட்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் டோக்கன் அட்வான்ஸ் பேச்சை மெதுவாக எடுத்தேன். சார் பல் குத்திக்கொண்டே என்னை அன்பாகப் பார்த்தார். அவர் மனைவி ஏற்கெனவே வேனில் ஜன்னலோர சீட்டைப் பிடித்துத் தூங்க ஆரம்பித்திருந்தார். சார் சொன்னார்: "போன வாரம் கேளம்பாக்கம் பக்கம் ஒரு கம்பெனி கூட்டிட்டுப் போனாங்கம்மா, அங்க பச்சடியில தயிர் கெட்டியா இருந்துச்சு. நிலம் எங்கயும் ஓடிடாது, நீங்க பச்சடிய கவனிங்க."

பத்து நிமிஷம்

எங்கள் நோட்டீஸில் பெரிய எழுத்தில், 'மாமல்லபுரம் கடற்கரை வெறும் 10 நிமிடத்தில்' என்று போட்டிருக்கும். எழுதியது எம்.டி. அவர் காரில் போனாரா கனவில் போனாரா என்று நான் கேட்டதில்லை. ஒருநாள் ஐ.டி. கம்பெனிக்காரர் ஒருவர் வந்தார். "மனையெல்லாம் அப்புறம், முதல்ல அந்தக் கடற்கரைக்கு விடுங்க" என்று சொல்லிவிட்டு, போனில் ஸ்டாப்வாட்ச்சை ஓட விட்டார்.

எங்கள் வேன் டிரைவர் ஏகாம்பரம் அண்ணன் உயிரைக் கொடுத்து ஓட்டினார். நடுவில் ரோட்டில் நெல் காயப்போட்டிருந்தார்கள். அதைத் தாண்டினால் ஒரு ஆட்டு மந்தை. அதையும் தாண்டினால், டூரிஸ்ட் பஸ் ஒன்று ரிவர்ஸ் எடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு ரோட்டை அடைத்து நின்றது. கடல் கண்ணில் படுவதற்குள் பத்து நிமிஷம் பலமுறை முடிந்துவிட்டது. அவர் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். நான் டிரைவர் சீட்டைப் பார்த்தேன். ஏகாம்பரம் அண்ணன்தான் ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுக்காமல் திரும்பிச் சொன்னார்: "பத்து நிமிஷம்னு போட்டது கரீட்டு தான் சார். எங்கேர்ந்துன்னு தான் போடல."

சால்னா

பாபு சும்மா இருக்கவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு பொத்தேரி பக்கம் உணவு டெலிவரிக்குப் போக ஆரம்பித்தார். அங்கே ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு எந்நேரமும் பசிக்கும். பெண்டாட்டிக்கு உதவ வேண்டும் என்று அவருக்கு ஒரு யோசனை வந்தது. ஒவ்வொரு பார்சல் பையிலும் என் நோட்டீஸ் ஒன்றைச் செருகிவிட்டார். அவர் இதுவரை எனக்கு மல்லிப்பூ வாங்கித் தந்ததில்லை; அதைவிட இது எனக்குப் பெரிதாகப் பட்டது.

அன்று சாயங்காலமே போன் வந்தது. "உங்க நோட்டீஸ் பாத்தேன்" என்றது ஒரு பையன் குரல். நோட்டீஸ் பார்த்துத் தானாகக் கூப்பிட்ட முதல் ஆள்! நான் மூச்சு விடாமல் ஆரம்பித்தேன். அப்ரூவ்டு மனை, தார் ரோடு, தெருவிளக்கு, பேங்க் லோன், இப்போது வாங்கிப் போட்டால் கல்யாணத்துக்குள் விலை ஏறிவிடும் என்று அவன் எதிர்காலம் முழுவதையும் கட்டி முடித்தேன். பாவம், நல்ல வளர்ப்பு. குறுக்கே பேசவே இல்லை. நான் மூச்சு வாங்கிய இடைவெளியில் சொன்னான்: "எல்லாம் ஓகேக்கா. நோட்டீஸ் வந்துடுச்சு, சால்னா வரல."

ரிங்டோன்

மனை விற்பதில் ஒரு கட்டாய வசனம் உண்டு. "வாடகை கொடுக்கறது கடல்ல காசு போடற மாதிரி சார்." இதைச் சொல்லும்போது எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்க்க வேண்டும், குரல் இறங்க வேண்டும் என்று எம்.டி. பயிற்சி கொடுத்திருந்தார். படூரில் ஒரு பிளாட்டில், ஒரு இளம் ஜோடி முன்னால் உட்கார்ந்து கண்ணைப் பார்த்தேன், குரலை இறக்கினேன், சொன்னேன். அந்த நொடியில் டீப்பாயில் இருந்த என் போன் அடித்தது. திரையில், 'ஹவுஸ் ஓனர் அம்மா' என்று கொட்டை எழுத்து.

கட் செய்தேன். மறுபடி அடித்தது. எங்கள் வீட்டுக்காரம்மா விடுகிற ரகம் இல்லை. இரண்டு மாத வாடகை நின்றிருந்தது, இந்த மாதக் கடைசிக்குள் தராவிட்டால் காலி செய்யச் சொல்லியிருந்தார். போனைக் கவிழ்த்து வைத்தால் டீப்பாயோடு சேர்ந்து அதிர்ந்தது. அந்தப் பையன் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி எழுந்து போய் எனக்கு ஒரு காபி கொண்டுவந்து வைத்தாள். நான் நோட்டீஸை மடித்துப் பையில் போட்டேன். இனி எந்த வசனம் எடுபடும்? அவன் சொன்னான்: "எடுத்துப் பேசிடுங்க மேடம். நாங்களும் வாடகைதான், எங்க ஓனர் கூப்பிட்டா இவ பாத்ரூமுக்குள்ள போய் கதவ சாத்திப்பா."

வலை

மழை பெய்தால் சைட் விசிட் வைக்கக் கூடாது என்பது ஆபீஸின் எழுதாத சட்டம். ஆனால் புதுப்பட்டினத்தில் மீன் விற்கிற கஸ்தூரி அக்காவுக்கு மழையில்தான் லீவு. படகு போகாத நாளில்தான் அவரால் கடையை விட்டு வர முடியும். மகன்கள் இரண்டு பேரும் குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருந்தார்கள். மருமகள்கள் குழாயடியில் தொடங்குகிற சண்டை ராத்திரி சோறு வரைக்கும் வருமாம். பெரியவனுக்கு ஒரு மனை வாங்கித் தனியாக வைத்துவிட்டால் நிம்மதி என்று சீட்டு கட்டிச் சேர்த்திருந்தார். எனக்கும் மாதக் கடைசி வந்துகொண்டிருந்தது. சட்டத்தை மீறினேன்.

லேஅவுட்டின் வாசல் வளைவு மட்டும் கம்பீரமாக நின்றது. உள்ளே பாதி மனைகளைக் காணோம். எண் போட்ட கற்களெல்லாம் தண்ணீருக்கு அடியில். கல் இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்று எங்களைப் பார்த்தது. நான் குடையைப் பிடித்துக்கொண்டு, "தார் ரோடுக்கா" என்று கையைக் காட்டிய இடத்தில் சின்னச் சின்ன மீன்கள் ஓடின. கஸ்தூரி அக்கா புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அப்புறம் என்னிடம் கேட்டார்: "இன்னாம்மே, மனை பாக்க வான்னியே, வலைய எடுத்துகினு வான்னு சொல்லக் கூடாது?"

செருப்பு

சிரித்தோம். ஆனாலும் அவர் போகவில்லை. மேட்டு மனைகள் விலை அதிகம், அவர் கைக்கு எட்டாது. பள்ளத்தில் இருந்த மூலை மனை எட்டும். நான் எம்.டி.க்கு போன் போட்டேன். "ரெண்டு நாள்ல வடிஞ்சிடும்னு சொல்லு, இன்னிக்கே டோக்கன் வாங்கிடு" என்றார். கஸ்தூரி அக்கா இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்துவிட்டார். நான் பேச வாயைத் திறந்தேன். அதற்குள் என் வலது கால் செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. இழுத்தேன், கால் மட்டும் வந்தது. குனிந்து முழங்கை வரை சேற்றில் விட்டுத் துழாவினேன். கிடைக்கவில்லை. அந்த மனைதான் விழுங்கியது, அதே மூலை மனை. ஒற்றைச் செருப்போடு தண்ணீரில் நின்றுகொண்டு, "இங்க தண்ணியே நிக்காதுக்கா" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "இது வேணாம்க்கா. ஒவ்வொரு மழைக்கும் இப்படித்தான் நிக்கும். உங்க பையன் குழந்தைங்களோட இதுல கெடந்து அவதிப்படுவாரு" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். சுருக்குப்பை மறுபடி இடுப்புக்குப் போய்விட்டது.

நல்ல காரியம் செய்தால் மனசு லேசாகும் என்கிறார்கள். எனக்கு வேனில் ஏறியதும் வீட்டுக்காரம்மா முகம்தான் முன்னால் வந்தது. ஏகாம்பரம் அண்ணன் எதுவும் கேட்காமல், சீட்டுக்கு அடியில் கிடந்த தன் ரப்பர் செருப்பை என் பக்கம் தள்ளிவிட்டார். அது என் காலுக்கு இரண்டு மடங்கு பெரிசு. அதைப் போட்டுக்கொண்டு டப்டப்பென்று மாடி ஏறி ஆபீஸுக்குள் போனேன். எம்.டி. என்னையும் செருப்பையும் மேலும் கீழும் பார்த்தார்: "சுமதி, நீ மனைய விக்க வந்தியா, மக்களக் காப்பாத்த வந்தியா?"

வேண்டாத மனை

மாதக் கடைசியில் பாபு தன் பைக் ஆர்.சி. புத்தகத்தை அடகு வைத்து ஒரு மாத வாடகையைக் கட்டி, மிச்சத்துக்குத் தவணை வாங்கினார். நான் செங்கல்பட்டில் ஒரு துணிக்கடையில் சேல்ஸ் வேலைக்குப் பேசி வைத்தேன். திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னார்கள். நாள் முழுக்க நிற்க வேண்டும், ஆனால் சம்பளம் நிச்சயம். எம்.டி.யிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது, தெரியாத நம்பரிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். கணவருக்குக் கல்பாக்கத்தில் வேலை, சொந்த ஊர் திருநெல்வேலி பக்கம். மீன் வாங்குகிற இடத்தில் கஸ்தூரி அக்கா என் நம்பரைக் கொடுத்தாராம். அக்கா சீட்டுப் பணத்தில் தன் வீட்டுக்கு மேலேயே தகர ஷீட் போட்டு ஒரு ரூம் கட்டிப் பெரிய மகனை ஏற்றிவிட்டாராம். சண்டை நிற்கவில்லையாம், இப்போது மாடிப்படியில் நடக்கிறதாம்.

"மனை விக்கிற பொம்பளையே வேணாம்னு சொல்லி அனுப்பிச்சா" என்று அக்கா மீன் வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார். நம் தொழிலைக் கெடுக்க இதைவிட நல்ல விளம்பரம் வேண்டாம் என்று எம்.டி. தலையில் அடித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை அந்தத் தம்பதி வந்து இறங்கினார்கள். நான் வழக்கம்போல நோட்டீஸை நீட்டி வாயைத் திறந்தேன். அந்த அம்மா நோட்டீஸை வாங்கி அப்படியே கைப்பையில் போட்டுக்கொண்டு சொன்னார்: "வாங்குத மனைய பொறவு பாப்போம். வேண்டாம்னு சொல்லுத மனைய எல்லாம் மொதல்ல காட்டுங்க."

ரிஜிஸ்ட்ரேஷன்

காட்டினேன். ஏறக்குறைய பாதி லேஅவுட்டை வேண்டாம் என்றே காட்டினேன். அவர்கள் மேட்டில் ஒரு கிழக்குப் பார்த்த மனையை எடுத்தார்கள். பத்திரப் பதிவு அன்று சார்பதிவாளர் ஆபீஸில் சர்வர் படுத்துக்கொண்டது. டோக்கன் போட்டுவிட்டு, வேப்ப மரத்தடியில் எல்லாரும் பிள்ளைப்பேற்றுக்குக் காத்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தோம். எனக்குத்தான் எல்லாரையும்விடப் படபடப்பு. சர்வர் எழுந்து, போட்டோ எடுத்து, விரல் வைத்து, கையெழுத்துப் போட்டு அந்த அம்மா வெளியே வந்தபோது கண் கலங்கியிருந்தது. கல்யாணமானதிலிருந்து எத்தனையோ வீடு மாறியாயிற்றாம், இனிமேல் ஆணி அடிக்க யாரையும் கேட்க வேண்டாம் என்றார். எனக்கும் கண் கலங்கியது. காரணம் கமிஷனா, ஆணியா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. துணிக்கடைக்கு அவர்கள் சொன்ன திங்கட்கிழமையும் போகவில்லை, அதற்கு அடுத்த திங்கட்கிழமையும் போகவில்லை.

அந்த அம்மா ஒரு டப்பாவிலிருந்து எனக்கும் ஏகாம்பரம் அண்ணனுக்கும் அல்வா எடுத்துக் கொடுத்தார். கொடுத்துக்கொண்டே, "நீங்க எங்க மனை வாங்கிப் போட்டிருக்கீக?" என்று வெள்ளந்தியாகக் கேட்டார். நான் இன்னொரு துண்டு அல்வாவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். ஏகாம்பரம் அண்ணன் விரலை நக்கிக்கொண்டே எனக்காகப் பதில் சொன்னார்: "அவுங்களுக்கு இன்னாம்மா கொறச்சல், விக்காத மனை பூரா இன்னிக்கும் அவுங்க பேர்ல தான் கீது!"

ஆக, கையில் ஒரு சென்ட் நிலம் இல்லாமல் ஊருக்கெல்லாம் நிலம் காட்டிக்கொண்டு, நாளைக்கு நிச்சயம் ஒன்று முடிந்துவிடும் என்று சனிக்கிழமை தவறாமல் நம்பித் தொலைக்கிற இந்த வியாதிக்கு உங்களில் யாராவது மருந்து கண்டுபிடித்திருந்தால், தயவுசெய்து என்னிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.